பனிமூட்டமும் மனித முகமும்

மார்கழி, தை மாதங்களில் கண்டிப் பகுதியின் நீர்நிலைகள் மீது எழும் வெண்பனியைப் படம் பிடிக்க விரும்பாத புகைப்படக்காரர் அரியர். நாட்காட்டியிலும், உல்லாசப் பயண விளம்பரத்திலும், இப்போது கைத்தொலைபேசித் திரையிலும் ஒரே காட்சிதான்: மேலே சிவந்த கீற்று, நடுவே வெண்மை, கீழே அசையாத நீர், ஓரத்தில் கரிய நிழலாக ஒரு மனிதன். அலவத்துகொடவில் ஆசிரியராயிருக்கும் நண்பர் ஒருவர், பிங்கா ஓயாக் கரையில் தாம் எடுத்த அத்தகைய படமொன்றை நமக்குக் காட்டினார். அழகிய படம். அதை நாம் மறுக்கவில்லை; முற்போக்குப் பேசுவோர் அழகுக்குப் பகைவர் என்னும் பழைய வசையை மீண்டும் கேட்க நமக்கு ஆசையுமில்லை. ஆயினும், அந்த ஓரத்து மனிதர் யார் என்று கேட்டோம். "யாரோ புல் அறுக்க வந்தவர். படத்திற்கு ஓர் அளவு கொடுக்கிறார், அவ்வளவுதான்" என்றார் நண்பர்.

அந்த 'அவ்வளவுதான்' நம்மை உறுத்திற்று.

பனிமூட்டம் மாயமன்று. மேகமற்ற இரவில் நிலம் விரைந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று மலைச்சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. நீரோ பகலின் வெம்மையை எளிதில் விடுவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி குளிர்காற்றில் பட்டு நுண்துளிகளாகிறது. ஞாயிறு ஏறியதும் மூட்டம் கலைந்துவிடும். புகைப்படக்காரருக்குக் கிடைப்பது சொற்ப நேரமே. கருவியின் ஒளிமானியும் இங்கே ஏமாந்துபோகிறது. வெண்மையைக் கண்டு வெளிச்சம் மிகுதி என்றெண்ணிக் காட்சியைச் சாம்பலாக்கிவிடும். ஆகவே, ஒளியைச் சற்றுக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது தொழில் அறிந்தோர் பாடம்.

நமது வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. உதயத்தின் சிவப்பு கெடாதிருக்க ஞாயிற்றுக்கு ஏற்ப ஒளியை அளந்தால், முன்னே நிற்கும் மனிதன் கரியுருவாகிறான். உண்மையில் பனி முகத்தை மறைப்பதில்லை. நான்கு புறமும் ஒளியைச் சிதறடித்து, அருகிலிருக்கும் முகத்தின் மீது மென்மையாகப் படியவைப்பது அதுவே. மறைப்பவை தூரமும் ஒளியளவும். இரண்டையும் தேர்ந்தவன் கலைஞன். 'இயற்கை அப்படி அமைந்துவிட்டது' என்று அவன் கைகழுவ முடியாது.

இங்கிலாந்தின் பீட்டர் ஹென்றி எமர்சனை இவ்விடத்தில் நினைக்க வேண்டும். கியூபாவின் கரும்புத் தோட்டமொன்றில், தோட்ட உடைமையாளரின் மகனாக 1856-இல் பிறந்தவர். நார்போக் சதுப்புநிலங்களைப் பற்றி, ஓவியர் குடோலுடன் சேர்ந்து 1886-இல் அவர் வெளியிட்ட தொகுதியில் நீரும் மூட்டமும் உண்டு. நாணல் அறுப்போரும் படகில் உழைப்போரும் உண்டு. அவர்களது முதுகின் வளைவு நமக்குத் தெரிகிறது. 1895-இல் வந்த 'சதுப்புநில இலைகள்' என்னும் நூலிலோ குளிர்கால வெண்மை நிரம்பி வழிகிறது. மனிதர் அநேகமாய்ப் புள்ளிகளாய்த் தேய்ந்துவிட்டனர். நுட்பத்தில் பின்னதே உயர்ந்ததென்பார் பலர். நாம் முன்னதன் பக்கம்.

நம் நாட்டிலும் ஓர் எதிர்ச்சான்று உண்டு. 1875-இல் இலங்கைக்கு வந்து 1879-இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரோன் கோப்பித் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவர். துரைத்தன வர்க்கத்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவரது கருவி தமிழ்த் தொழிலாளரை நெருங்கிச் சென்றது. அந்த முகங்கள் இன்றும் நம்மை நேர்நோக்குகின்றன. டெனிசனையும் டார்வினையும் பெயரோடு குறித்த அவர், இவர்களைப் பெரும்பாலும் பெயரின்றியே விட்டார். முகம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. இன்றைய பனிப்படத்தில் முகமும் கிடைப்பதில்லை.

அலவத்துகொடவில் நின்று இதைச் சொல்ல நமக்குத் தனிக்காரணம் உண்டு. அவ்வூர் கண்டி–மாத்தளைச் சாலையில் உள்ளது. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880-இல். அதற்கு முந்திய கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், கங்காணியின் பின்னே வடக்கிலிருந்து காடுகளினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். அப்பால் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு நடந்தோரின் வழியும் இப்பக்கமே. பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தோர் எண்ணற்றோர். அவர்களும் இந்த மலைகளின் விடியற்பனியைக் கண்டிருப்பர், கம்பளியை இழுத்துப் போர்த்தபடி. அவர்கள் வழித்தோன்றல்களின் பிரஜாவுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. இன்றும் மலைத் தோட்டங்களில் பனி விலகுமுன் பெரட்டுக் களத்திற்கு ஓடுகிறவர்களுக்கு அது காட்சியன்று. நனைந்த படங்கும் மரத்துப்போன விரல்களும்தான்.

இவற்றையெல்லாம் ஒரு படம் சுமக்க வேண்டுமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம். பத்தடி முன்னே சென்றால் போதும் என்றோம்.

சில வாரம் கழித்து மறுபடியும் அதே கரைக்குப் போயிருக்கிறார். இரண்டாவது படத்தையும் பார்த்தோம். சிவப்பு வெளிறிவிட்டது, மூட்டம் கந்தலாகக் கிடக்கிறது, முதற்படத்தின் இசைவு இதில் இல்லை. புற்கட்டைத் தலையில் ஏற்றிய முதியவர் ஒருவர், புருவத்தில் பனித்துளிகளோடு, 'எதற்காக எடுக்கிறாய்?' என்பதுபோல் கருவியைச் சந்தேகத்துடன் பார்க்கிறார். அவர் பெயர் நண்பருக்கு இப்போது தெரியும். வாரத்தில் இரு நாள் அவரிடமே பாலும் வாங்குகிறாராம். முதற்படம் சட்டமிட்டு அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இரண்டாவதை எங்கே மாட்டுவதென்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.