‘பொப்பி வோர்’ நாவலும் வாசகர் அபிப்பிராயங்களும்

மாயமந்திரக் கதைகள் குறித்து முற்போக்கு எண்ணமுடையோர் பலரிடம் ஓர் அலட்சியம் உண்டு. தெய்வங்களும் மந்திரங்களும் உலவும் கதையிலே சமுதாயப் பிரச்சினைக்கு இடமேது என்பது அவர்தம் கேள்வி. ஆர். எவ். குவாங் எழுதி 2018ஆம் ஆண்டு வெளியான ‘த பொப்பி வோர்’ என்னும் ஆங்கில நாவல் இக்கேள்விக்குத் தக்க மறுமொழியாகும். சீனாவிற் பிறந்து, நான்கு வயதில் அமெரிக்காவிற் குடியேறிய ஆசிரியையின் முதல் நாவல் இது. 2019இல் கிராவ்போட் விருதும் பெற்றது. எனினும் இதனைப் பற்றி வாசகர் அபிப்பிராயம் ஒருமுகப்பட்டதன்று. அப்பிளவு ஆராயத்தக்கது.

நிக்கான் பேரரசின் பின்தங்கிய மாகாணமொன்றில், அபினி கடத்தும் குடும்பத்தில் வளரும் போர் அநாதை ரின். விரும்பாத மணத்தினின்று தப்புவதற்காகக் ‘கேஜு’ என்னும் அரச பரீட்சைக்குப் படிக்கிறாள். உறக்கத்தை விரட்ட உருகிய மெழுகாற் கையைச் சுட்டுக்கொள்கிறாள். சித்தியடைந்து படைக் கல்லூரி புகுந்தால், அங்கே பிரபுக்களின் பிள்ளைகள் அவளது கறுத்த மேனியை எள்ளுகின்றனர். பின்னர் முகென் நாட்டுப் படை நுழைகிறது. கோலின் நீஸ் நகரம் கொலைக்களமாகிறது. ஈற்றில் ரின், அக்கினித் தெய்வத்தின் ஆற்றலைப் பெற்று, முகென் தீவை மக்களோடு எரித்துவிடுகிறாள்.

முற்பாதி பள்ளிக் கதை, பிற்பாதி போர்க் கதை, இரண்டும் ஒட்டவில்லை என்பது வாசகர் கூறும் முதற் குறை. இது மேலோட்டமான நோக்கு. பரீட்சை என்னும் ஏணியில் ஒருத்தி ஏறுகையில் ஆயிரவர் கீழே நிற்கின்றனர். ஏறியவளோ அவ்வேணியை வினவவில்லை. தன்னை இகழ்ந்தோரிலும் வலியவளாவதையே இலட்சியமாக்கிக் கொள்கிறாள். அடக்கத்தைப் போதித்த ஆசிரியர் ஜியாங்கின் சொல்லையும் புறந்தள்ளுகிறாள். வகுப்பறையில் வேரூன்றிய அவ்வேட்கையே போர்க்களத்தில் நெருப்பாகின்றது.

வன்செயல் வருணனை அளவு மீறியது என்பது இரண்டாவது குறை. கோலின் நீஸ், 1937 டிசம்பரில் யப்பானியப் படை கைப்பற்றிய நான்ஜிங் நகரின் சாயலாகும். அங்கே ஆறு வார காலத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் எனப் போருக்குப் பின் டோக்கியோவில் அமைந்த விசாரணை மன்றம் மதிப்பிட்டது. உயிருள்ள மனிதர்மீது பரிசோதனை நடத்திய 731ஆம் படைப்பிரிவின் தலைவர் இஷீ ஷிரோவோ, அமெரிக்கா அளித்த பாதுகாப்பினால் விசாரணையின்றித் தப்பினார். வல்லரசுகள் தம் நலங்கருதி மூடி மறைத்த கொடுமையை இலக்கியமேனும் மென்மையாக்காமற் சொல்லவேண்டாவா?

நாவலின் உண்மையான குறை பிறிதோரிடத்திலுள்ளது. முகென் நாட்டு உழவனோ, தொழிலாளியோ, தாயோ இந்நாவலில் முகங்காட்டுவது அரிது. நாம் காண்பவர் பெரும்பாலும் கொலைகாரப் போர்வீரரே. ஆகவே தீவு எரியும்போது வாசகருள் ஒரு சாரார் ‘தகும்’ என மகிழ்கின்றனர். மற்றொரு சாரார் ரின்னை வெறுத்து நூலை மூடுகின்றனர். ஆசிரியையின் நோக்கம் இவ்விரண்டுமன்று. ரின்னின் செயல் கேட்டு அவள் நண்பன் கிட்டாய் அதிர்ச்சியுறுவதே அதற்குச் சான்று. ஆயினும் அவ்வதிர்ச்சியை வாசகரும் உணர்தற்கு, எரிந்தோருள் ஒருவரையேனும் நாம் முன்பே அறிந்திருத்தல் வேண்டும்.

ஒடுக்கப்பட்டோரின் கோபம் நியாயமானது. அதனை ஒடுக்கும் அமைப்பின்மீது செலுத்தாது ஒரு மக்கட் கூட்டத்தின்மீது செலுத்தும்போது, ஒடுக்கப்பட்டவரும் ஒடுக்குவோரின் பாதையிலேயே நடக்கின்றனர். இவ்வுண்மையை ஆசிரியை அறிந்திருக்கிறார். ஆனால் முழுமையாகப் புலப்படுத்தவில்லை. தீவு எரிந்த கட்டத்தில் மகிழ்ந்த வாசகர், அதே அத்தியாயத்தை முகென் நாட்டுக் குழந்தையொன்றை மனத்திலிருத்தி மீண்டும் படிப்பாராயின், ஆசிரியை எழுதாது விட்ட பகுதி அவருக்குப் புலனாகும்.