திரைப்படச் சுவரொட்டிச் சேகரிப்பில் அச்சக வரியின் சான்று மதிப்பு

ஆய்வுச் சுருக்கம்

பழைய தமிழ்த் திரைப்படச் சுவரொட்டிகளைத் திரட்டுவோர் நடிகர், படம், இயக்குநர் என்னும் வரிசையிலேயே அவற்றை மதிப்பிடுகின்றனர். தாளின் அடியில் சிற்றெழுத்தில் இடம்பெறும் அச்சகத்தின் பெயரும் ஊரும் கவனம் பெறுவதில்லை. ‘அச்சக வரி’ என இங்குச் சுட்டப்பெறும் அக்குறிப்பே சுவரொட்டியின் காலத்தையும் தோற்றத்தையும் அறிய உதவும் முதன்மைச் சான்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சுவரொட்டி, அச்சக வரி, சிவகாசி, கல்லச்சு, சேகரிப்பு, ஆவணப்படுத்தல்

முன்னுரை

1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ உள்ளிட்ட தொடக்ககாலப் படங்கள் பலவற்றின் படச்சுருள்கள் இன்று கிடைப்பதில்லை. பாட்டுப் புத்தகம், துண்டறிக்கை, சுவரொட்டி, இதழ் விளம்பரம் ஆகிய அச்சுப்பொருள்களே அத்தகைய படங்களை அறியத் துணைசெய்கின்றன. இவற்றைக் காத்ததில் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் போன்ற தனிமனிதர்களின் பங்கு பெரிது. அக்கடனை ஏற்றுக்கொண்டே சேகரிப்பு முறையின் குறைகளை ஆராய வேண்டியுள்ளது.

எஞ்சியவற்றின் இயல்பு

சுவரொட்டி சில நாள் பயனுக்கென அச்சிடப்படுவது. பசை தடவிச் சுவரில் ஒட்டியது மழையில் கரையும், மாடு தின்னும், அடுத்த படத்தின் தாளுக்கு அடியில் மறையும். ஆதலால் இன்று பழுதின்றிக் கிடைப்பவை பெரும்பாலும் சுவரேறாத படிகளே. அவை அச்சகக் கிடங்கிலோ, விநியோகஸ்தர் அலுவலகத்திலோ, திரையரங்கிலோ மிஞ்சியவை. அத்தகைய படியைத் தெருவில் மக்கள் கண்ட காட்சியின் சான்றாகக் கொள்ளுமுன், அது அச்சுத்தொழிலின் எச்சம் என்பதை உணர்தல் வேண்டும். எந்த அச்சகம், எந்தக் கிடங்கு என்ற வினா இதனால் முதன்மை பெறுகிறது.

அச்சக வரியும் காலக்கணிப்பும்

1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அச்சிட்டவர் பெயரையும் அச்சிட்ட ஊரையும் தாளில் தெளிவாகக் குறிக்க வேண்டும் என விதித்தது. ஆண்டைக் குறிக்குமாறு அது கூறவில்லை. இதனால் அச்சகம் தெரிந்தும் காலம் தெரியாத நிலை தோன்றுகிறது. படம் வெளியான ஆண்டைச் சுவரொட்டியின் ஆண்டாகக் கொள்ளும் வழக்கம் பிழைக்கு இடமளிப்பது. ‘கர்ணன்’ 1964இல் வெளிவந்து 2012இல் மீண்டும் திரையிடப்பட்டது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965இல் வெளிவந்து 2014இல் மறுவெளியீடு கண்டது. மறுவெளியீட்டுக்கெனப் புதிய சுவரொட்டிகள் அச்சாகும்போது ஒரே படத்தின் பெயரில் வெவ்வேறு காலத் தாள்கள் உருவாகின்றன.

இவற்றைப் பிரித்தறிய மூன்று அகச்சான்றுகள் உள்ளன. முதலாவது அச்சக வரி. ஓர் அச்சகம் இயங்கிய காலமும் முகவரி மாற்றமும் தெரிந்தால் தாளின் கால எல்லை சுருங்கும். இரண்டாவது அச்சுமுறை. லித்தோ எனப்படும் கல்லச்சில் கையால் வரைந்த கோடும் ஒழுங்கற்ற மணித்தன்மையும் தெரியும். ஒளிப்பட வழி நிறம் பிரித்த ஆஃப்செட் அச்சில் உருப்பெருக்கியின் கீழ்ப் புள்ளிகள் ஒழுங்காக அணிவகுக்கும். மூன்றாவது விநியோகஸ்தர் பெயர். உரிமை கைமாறும்போது இப்பெயரும் மாறும். மூன்றும் ஒத்துச் சென்றால் மட்டுமே காலக்கணிப்பு உறுதிபெறும்.

சேகரிப்பு முறையின் குறைகள்

சட்டகத்தில் பொருத்துவதற்காக ஓரம் வெட்டப்படும்போது முதலில் அழிவது அச்சக வரியே. அச்சகத்திலிருந்து கட்டாக வாங்கிய தாள்களை நடிகர்வாரியாகப் பிரித்து விற்கும்போது அவை ஒரே கிடங்கில் இருந்தன என்ற செய்தியும் மறைகிறது. சிவகாசியிலும் சென்னையிலும் இயங்கிய சிற்றச்சகங்களின் கணக்கேடுகள் பழைய தாளாக எடைக்குப் போனால், சுவரொட்டியின் விளிம்பில் உள்ள பெயரே அத்தொழிலாளர் உழைப்புக்கு எஞ்சும் சாட்சியாகிவிடும்.

இக்குறை சேகரிப்பாளருக்கு மட்டும் உரியதன்று. ஆறுமுக நாவலரின் பதிப்பைக் குறிப்பிடும் ஆய்வாளர் வித்தியாநுபாலன யந்திரசாலையின் பெயரைத் தவறாமல் சுட்டுவர். அதே தமிழாய்வு, சுவரொட்டியை நாயக பிம்பமாகவும் அரசியல் குறியீடாகவும் வாசிக்கையில் அதன் அச்சுக்கூடத்தைக் கேட்பதில்லை. நூலுக்குரிய பதிப்பு ஒழுங்கு ஒற்றைத்தாளுக்கு மறுக்கப்படுவதற்குத் தக்க காரணம் இல்லை.

பல தாள்களில் அச்சக வரி சிதைந்தோ இல்லாமலோ இருப்பதால் இம்முறை பயன்படாது எனக் கூறலாம். சுவடியியல் இதற்கு விடை தருகிறது. ஏட்டில் முதலும் இறுதியும் சிதைந்திருப்பின் அச்சிதைவையும் பதிப்பாசிரியர் குறிப்பர். அதுபோல வரி இன்மையும் பதிவுக்குரியதே.

முடிவுரை

ஒவ்வொரு சுவரொட்டிக்கும் அச்சக வரி, அச்சுமுறை, தாளின் அளவு, விநியோகஸ்தர் பெயர், பெறப்பட்ட இடம் ஆகிய ஐந்தையும் பதிவுசெய்தல் வேண்டும். ஓரத்தை வெட்டாமல் இருபுறமும் படமெடுத்தல் வேண்டும். காலம் உறுதிப்படாதபோது படத்தின் ஆண்டை எழுதாமல் அவ்விடத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. அச்சகங்களில் பணியாற்றிய முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்யும் பணியும் உடன் நிகழவேண்டும். அவர்களுக்குப் பின் அச்சக வரியில் உள்ள பெயரைப் படிக்க இயலும். அப்பெயருக்குப் பின்னிருந்த தொழிலை அறிய இயலாது.