நீலக் கோடும் ஒரு சொற்பட்டியலும்

நிரல் எழுதும் விஎஸ் கோட் எடிட்டரில் எழுத்துப்பிழை காட்டும் கோட் ஸ்பெல் செக்கரை நிறுவிய முதல் நாள், திரை முழுக்க நெளிநெளியாய் நீலக் கோடுகள். சிலர் அன்றே அதை அணைத்துவிடுவார்கள். நான் வைத்துக்கொண்டேன், அது வேலை செய்யும் விதம் அவ்வளவு பிடித்துப்போனது.

நிரலில் சொற்கள் ஒட்டிக்கொண்டே வரும். நடுவில் வரும் பெரிய எழுத்தையும் அடிக்கோட்டையும் பார்த்துப் பிரித்த பிறகே அது அகராதியில் தேடுகிறது. சந்தி பிரித்துப் படித்தவர்களுக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு.

கோட்டின் மேல் கர்சரை வைத்து, கண்ட்ரோலோடு புள்ளியை அழுத்தினால் திருத்தங்கள் வரும். சொல் சரியென்றால் பட்டியலில் சேர்க்கலாம். இங்கேதான் நிதானம் வேண்டும். எனக்கு மட்டும் உரிய சொல் என் எடிட்டர் அமைப்புகளுக்குப் போகும். குழு முழுக்கப் புழங்கும் சொல் திட்டத்தின் சொற்பட்டியல் இருக்கும் சிஸ்பெல் கோப்புக்குப் போய், கிட் வழியே எல்லோரையும் சேரும். ஒரே கோப்பில் தலைகாட்டும் சொல்லுக்கு அங்கேயே ஒரு கமெண்ட் வரி போதும். அவசரத்தில் பிழையையே பட்டியலில் சேர்த்துவிட்டால், பிறகு அது யார் கண்ணிலும் படாது.

பிழை அப்படியே நிலைத்துவிடுவதற்கு ஓர் உதாரணம்: எச்டிடிபியின் 'ரெஃபரர்' தலைப்பில் ஓர் 'ஆர்' விடுபட்டது. 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1945-இலும் அப்படியே அச்சேறியது. பிரவுசர்கள் இன்றும் அந்தப் பிழையோடுதான் அனுப்புகின்றன.

புதிய திட்டத்தில் சேர்ந்தால் நான் முதலில் திறப்பது அதன் சிஸ்பெல் சொற்பட்டியலைத்தான். மருந்துப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், குழுவின் செல்லச் சுருக்கங்கள் எல்லாம் அகரவரிசையில் நிற்கும்.