தன்னலம் மரபணுவுக்கு உரிய சொல்லா?

ஓர் உடலின் மரபணுக்கள் யாவும் அவ்வுடலின் நலனுக்காகவே ஒத்துழைக்கின்றன என்று கற்றோம். அருளுரைகளில் அதனை எடுத்துக்காட்டாகவும் கூறிவந்தோம். ஆஸ்டின் பர்ட், ராபர்ட் டிரிவர்ஸ் ஆகியோர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜீன்ஸ் இன் கான்ஃபிளிக்ட்’ என்னும் பெருநூல் அவ்வெண்ணத்தை அசைக்கின்றது. தம்மைச் சுமக்கும் உயிருக்குப் பயன்படாமலும், சில வேளைகளில் கேடு விளைவித்தும், தலைமுறைதோறும் தம்மைப் பெருக்கிக்கொள்ளும் மரபுக்கூறுகளே அந்நூலின் பொருள்.

அவை பெருகும் வழிகளை ஆசிரியர்கள் மூன்றாக வகுக்கின்றனர்: இணைக் கூற்றை முடக்குதல், தம்மை மிகுதியாகப் படியெடுத்தல், இனப்பெருக்க உயிரணுக்களை நோக்கிச் செல்லுதல். முதல் வழிக்குச் சுண்டெலியின் ‘டி’ தொகுதி சிறந்த சான்று. மெண்டலின் விதிப்படி அது குட்டிகளில் பாதிக்கே செல்லவேண்டும். ஆயினும் அதனை ஒரு படியாகச் சுமக்கும் ஆணின் குட்டிகளில் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அதனைப் பெறுகின்றன. போட்டி விந்தணுக்களின் இயக்கத்தைக் கெடுத்தே அது இதனைச் சாதிக்கின்றது. ஆனால் தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதனைப் பெறும் குட்டிகளில் பல கருவிலேயே மடிகின்றன. பிழைக்கும் ஆண் மலடாகின்றது. ஆகவே அதன் வெற்றிக்கு அதனுள்ளேயே எல்லை உண்டு.

இத்தகைய சான்றுகளை ஒருங்கே திரட்டியது நூலின் வலிமை. துணைத்தலைப்பிலுள்ள ‘தன்னலம்’ என்னும் சொல்லே நம்மைத் தயங்கச் செய்கின்றது. ஆசிரியர்களுக்கு அது கலைச்சொல். கேட்போருக்கோ அது ஒழுக்கச்சொல். தன்னலம் பாவமாவதற்குச் சித்தம் வேண்டும். அயலானை அறியும் அறிவும் வேண்டும். மரபணுவுக்கு இவ்விரண்டும் இல்லை. எனவே ஆதிபாவத்துக்கு உயிரியல் சான்று கிடைத்ததென மகிழ்வது பிழை. பாவத்தை மரபணுவின்மேல் சுமத்தினால், மனந்திரும்புதலுக்கு மனிதனை அழைப்பது எங்ஙனம்?

எதிர்ப்புறத்தில் நிற்போருக்கும் எச்சரிக்கை உண்டு. உடலின் குறையற்ற இசைவைக் காட்டிப் படைத்தவரை நிலைநாட்ட முயன்றால், சுண்டெலியின் முன் நாம் வாயடைத்து நிற்போம். 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் பவுல் அவயவங்களைப் பற்றி எழுதியது இசைந்து வாழ்ந்த சபைக்கன்று, பிளவுபட்டு நின்ற சபைக்கே என்பதை நினைவுகூர்வோம்.

முற்காலத்தில் நம் முன்னோரினத்தின் மரபுப்பொருளுள் புகுந்த வைரஸ் ஒன்றின் மரபணு, இன்று மானிட நஞ்சுக்கொடி உருவாக உதவுகின்றது. 2000ஆம் ஆண்டளவில் இது தெளிவாயிற்று. இதனை மீட்பின் உவமையாக்கவும் நாம் விரையலாகாது. கருவில் மடிந்த குட்டிக்கு அவ்வுவமையில் மறுமொழி இல்லை. படைப்பு முழுவதும் தவிக்கின்றது என்னும் ரோமர் 8ஆம் அதிகாரத்தின் சாட்சியோடு இந்நூலைப் படிக்கும் மாணவர், எளிய அருளுரை எடுத்துக்காட்டுகள் சிலவற்றை இழப்பர்; உண்மையை அஞ்சாது நோக்கும் விசுவாசத்தைப் பெறுவர்.