ஃபோட்டானுக்கு ஒரு கூடு

பாரிஸில் இயற்பியலாளர் செர்ஜ் அரோஷ் குழுவினர் வைத்திருந்த அந்தக் கண்ணாடி ஜோடி, முகம் பார்க்க ஆனதல்ல. செம்பை வைர முனையால் கடைந்து, மேலே நயோபியம் பூசி, தனிச்சுழியை ஒட்டிய குளிரில் எதிரெதிரே நிறுத்தினார்கள். இடைவெளி மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குள் அடைபட்ட மைக்ரோஅலை ஃபோட்டான், முட்டி முட்டித் திரும்பியே 40,000 கிலோமீட்டர் வரை ஓடும். பூமியை ஒரு சுற்று! ஆகும் நேரமோ நொடியில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்.

அந்த அவகாசத்துக்குள் ஒளியை ஒருசேர இரண்டு நிலைகளில் வைத்து, ருபீடியம் அணுக்களை ஒவ்வொன்றாக ஊடே அனுப்பி வேவு பார்த்தார்கள். ஒரு ஃபோட்டான் வெளியே கசிந்தால் போதும், குட்டு உடைந்து இரட்டை நிலை கலையத் தொடங்கும். 1996இலேயே பழைய கண்ணாடிகளில் இதைக் கண்டவர்கள், 2008இல் இந்த ஜோடியில் படம்போல ஓட்டிக் காட்டினார்கள். 2012இல் அரோஷுக்கு நோபல். எனக்கென்னவோ, செம்பைக் கடைந்தவருக்கும் ஒரு மாலை போட்டிருக்கலாம்.