சன்னலோர பாக்ஸ்வுட்

பாக்ஸ்வுட் என்றதும் ஐரோப்பிய அரண்மனைத் தோட்டங்களில் அளவெடுத்து வெட்டிய பச்சை வேலிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தச் செடியின் முழு அழகும் தெரிய வேண்டுமானால், ஒரு தொட்டியில் வளர்த்து அருகிலிருந்து பார்க்க வேண்டும். எதிரெதிராக அமைந்த சிற்றிலைகள், மேற்புறம் தடித்து மினுங்கும், அடிப்புறம் வெளிறியிருக்கும். இளங்கிளையைத் தடவினால் அதன் நாற்கோண வடிவம் விரலில் தட்டுப்படும். வேலியாக நிற்கையில் இந்த நுணுக்கமெல்லாம் கூட்டத்தில் மறைந்துவிடுகிறது.

கத்தரிக்கு இந்த அளவுக்கு இணங்கும் செடிகள் குறைவு. ரோமானியரான இளைய பிளினி, டஸ்கனியில் இருந்த தம் மாளிகைத் தோட்டத்தை ஒரு கடிதத்தில் விவரிக்கிறார். அங்கே பாக்ஸ்வுட் விலங்குகளாகவும் எழுத்துகளாகவும் வெட்டப்பட்டிருந்தது. அந்த எழுத்துகள் சில இடங்களில் வீட்டு உரிமையாளரின் பெயரையும், சில இடங்களில் செடியை வெட்டிய கலைஞரின் பெயரையும் காட்டின. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே கத்தரி பிடித்தவருக்குக் கிடைத்த மரியாதை அது.

தொட்டிக்கு எந்த வகை ஏற்றது? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து நாற்றங்கால் ஒன்றின் வழியாகப் பரவிய 'கிங்ஸ்வில் ட்வார்ஃப்' என்றே சொல்லலாம். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் வளரும். சாண் உயரச் செடியிலும் முறுக்கேறிய அடிமரம் தெரியும்; போன்சாய் வளர்ப்போர் அதைக் கொண்டாடுவதில் வியப்பில்லை. மெதுவாக வளர்வதால்தான் பாக்ஸ்வுட் மரத்தின் இழையும் அவ்வளவு நெருக்கமாக அமைகிறது. இங்கிலாந்தின் தாமஸ் பீவிக் தம் நுண்ணிய பறவைச் சித்திரங்களை அந்த மரத்தின் குறுக்குவெட்டில்தான் செதுக்கினார். ஜப்பானில் சீப்புகளும் ஷோகி ஆட்டக் காய்களும் இதே இன மரத்தில் உருவாகின்றன.

வீட்டுக்குள் வரும்போதுதான் சிக்கல். இது குளிர்கால ஓய்வு வேண்டும் செடி. ஹீட்டர் ஓடும் வரவேற்பறையில் வைத்தால் காற்று உலர்ந்து செஞ்சிலந்தி பற்றும். இலைகளில் பொடிப்பொடியாக வெளிர்புள்ளிகள் தோன்றிப் பளபளப்பு போய்விடும். வீட்டிலேயே வெளிச்சம் மிகுந்த, ஆனால் குளிர்ந்த சன்னல்தான் அதன் இடம்: சூடாக்காத கண்ணாடித் தாழ்வாரம், மாடிப்படிச் சன்னல். 20 டிகிரி செல்சியஸைவிட 10 டிகிரி அதற்கு இதம். வெளியே பனிக்காற்றிலும் குளிர்கால வெயிலிலும் வெண்கல நிறமாகும் இலைகள் அங்கே பசுமையாகவே இருக்கும். கோடையில் தொட்டியை வெளியே வைத்துவிட வேண்டும்.

தண்ணீர் விடுவதில் கவனம் தேவை. வேர்கள் மேலாகவே பரவுவதால் மண் முற்றிலும் காயக்கூடாது. அடித்தட்டில் நீர் தேங்கினாலோ வேர் அழுகும். வேர் செத்த பிறகும் இலை பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும் என்பதால் நிறத்தை நம்ப முடியாது. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

பலரும் அறியாத நுட்பம், கிளை கிள்ளுதல். கத்தரியால் மேலே மட்டும் வெட்டிக்கொண்டே போனால் வெளிப்புறம் அடர்ந்த ஓடாகிவிடும். உள்ளே வெளிச்சமின்றிக் கிளைகள் மொட்டையாகும், உதிர்ந்த இலைகள் மக்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியா தோட்டக்காரர்கள் ஆங்காங்கே சிறு கிளைகளை உள்ளிருந்தே ஒடித்தெடுத்து இடைவெளி விடுகிறார்கள். அதன் வழியே ஒளியும் காற்றும் புகுந்து, உள்கிளைகளும் தளிர்க்கும். கோளமாக வெட்டிய செடி அப்போது வெறும் பச்சைப் பந்தாகத் தெரியாது. நிழலும் ஆழமும் கூடும். தேர்ந்த கைக்கும் சாதாரணக் கைக்கும் வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. ஒடித்த கிளைகளை மணலில் நட்டால் இரண்டு மூன்று மாதங்களில் வேர் விடும்.

வாங்குமுன் முகர்ந்து பார்ப்பது நல்லது. ஐரோப்பிய வகைக்குக் கடுமையான நெடி உண்டு. அது பிடிக்காமல் இங்கிலாந்து அரசி ஆன், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்திலிருந்தே அச்செடிகளை அகற்றச் செய்தார். சிற்றிலை கொண்ட கிழக்காசிய வகைகளில் நெடி குறைவு.

1990களில் பிரிட்டனில் தோன்றிய இலைக்கருகல் நோயும், 2007 வாக்கில் ஜெர்மனியில் தென்பட்ட கிழக்காசிய அந்துப்பூச்சியும் பழைய தோட்டங்கள் பலவற்றை அழித்துவிட்டன. ஆகவே புதுச்செடியைச் சில வாரம் தனியே வைத்திருந்து பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இலைகளில் நச்சு ஆல்கலாய்டு இருப்பதால் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். குளிர்ந்த சன்னல் இல்லாத வீட்டுக்கு இந்தச் செடியை வாங்காதீர்கள்.