இஸ்டேசனும் இராமனும்

அப்பா ரயில்வேயில் கேங்மேன். ‘இஸ்டேசன் வரைக்கும் போயிட்டு வாரேன்’ என்பார். ‘இ’ வராதுப்பா என்று திருத்துவேன்.

ரகரத்தில் தொடங்கும் வடசொல்லுக்கு முன் உயிரெழுத்துச் சேர்க்கச் சொல்கிறது நன்னூல். கம்பனின் இராமன் அப்படி வந்தவன்தான். அப்பாவின் நாக்கும் அந்த வேலையைத்தான் செய்தது. அது இலக்கணம், இது கொச்சை என்று பிரித்தது யார்? கதைகளில் ‘இஸ்கூலு’ வந்தால் சிரிப்பதற்கு என்று நாமும்தானே எழுதுகிறோம்.

1835இல் மெக்காலே கேட்டது, ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவே நிற்க ஒரு துபாஷி வர்க்கம். பத்து வயதில் நான் அப்பாவுக்கும் அவர் வாய்க்கும் நடுவே நின்றேன், சம்பளமில்லாமல்.

இப்போது கருத்தரங்கில் இங்கிலீஷில் பேச எழுந்தால், ‘ஸ்’ஸில் தொடங்கும் சொல்லைத் தூரத்திலேயே பார்த்து என் நாக்கு சுற்றிப் போகிறது. அப்பா எந்தச் சொல்லையும் சுற்றிப் போனதில்லை.